ரெஜிஸ்டரில் எல்லா நாளும் 5 டிகிரி

பிரசவ வார்டு குளிர்பெட்டியின் கதவு சரியாக மூடவில்லை. ரப்பர் பட்டை தளர்ந்துபோனதால் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருந்தார்கள். உள்ளே ஆக்ஸிடோசின் ஆம்பூல்கள். குழந்தை பிறந்தவுடன் தாய்க்கு 10 யூனிட் போடுகிறோமே, கருப்பையைச் சுருங்கவைத்து உதிரப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஊசி, அதுதான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டிய மருந்து. வெப்பமானி 14 காட்டியது. ரெஜிஸ்டரைப் புரட்டினேன். மாதம் முழுவதும், காலையும் மாலையும், 5.

தர்மபுரி மாவட்டத்தில் ஒரு மருத்துவமனையில் செவிலியர் கண்காணிப்பாளராகச் சேர்ந்த இரண்டாவது வாரம் அது. இரவு டியூட்டி சிஸ்டரைத் தனியாக அழைத்து, "ஏம்மா, எத்தனை நாளாக இப்படி?" என்றேன்.

"இரண்டு மாதமாக, மேடம்."

"யாரிடமும் சொல்லவில்லையா?"

தலையைக் குனிந்துகொண்டார். "போன வருடம் சக்ஷன் மெஷின் ரிப்பேர் என்று சொன்ன அக்காவுக்குத்தான் மெமோ கொடுத்தார்கள். எட்டுக்கு மேல் எழுதினால் எங்களிடம்தான் விளக்கம் கேட்பார்கள், மேடம்."

எனக்கு அந்தப் பெண்மீது கோபம் வரவில்லை. அந்த 5-ஐ எழுதியது அவருடைய கை, எழுதவைத்தது நாங்கள். அதே வாரம் மாடியில் ஐந்தாண்டுத் திட்டக் கூட்டம் நடந்தது. புதிய கட்டடம், புதிய ஸ்கேன் மெஷின் என்று மூன்று மணி நேரம் பேசினோம். கீழே வார்டில் இருக்கும் ஒருவரைக்கூட அந்த அறைக்கு அழைத்திருக்கவில்லை.

திட்டம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். நம் பகுதிக்கு அது கட்டாயம் வேண்டும். சித்தேரி மலையிலிருந்து அரூருக்கு இறங்கும் தாய்க்கும், அஞ்செட்டிக் காட்டுப் பக்கத்திலிருந்து வரும் தாய்க்கும் சாலையிலேயே நேரம் கரைந்துவிடுகிறது. பிரசவத்துக்குப் பின் பெருகும் உதிரப்போக்கோ சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டுபோய்விடும். அவ்வளவு தூரம் வந்து சேர்ந்தவளுக்கு நாம் போடும் ஊசி வீரியம் இழந்ததாக இருந்தால்?

ஷிப்ட் மாறும் நேரத்தில் வார்டிலேயே பத்து நிமிடம் நின்று பேசும் வழக்கத்தை ஆரம்பித்தோம். தலைமை மருத்துவர், சிஸ்டர்கள், மருந்தாளுநர், ஆயா, ஆம்புலன்ஸ் ஓட்டுநர், எல்லோரும். ஒரே கேள்விதான்: "நேற்று ராத்திரி எதை நினைத்துப் பயந்தீர்கள்?" முதல் ஒன்பது நாள் யாரும் வாய் திறக்கவில்லை. பத்தாம் நாள் ஆயா சொன்னார்: "ராத்திரி இரண்டு மணிக்கு மேல் கை கழுவுகிற குழாயில் தண்ணீர் வருவதில்லைங்க, ஐயா." மருத்துவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எலெக்ட்ரீஷியனை அழைத்துக்கொண்டு அவரே மாடித் தொட்டிக்கு ஏறினார். இறங்கி வந்து அந்த அம்மாவுக்கு எல்லோர் முன்னிலும் நன்றி சொன்னார். நான் பார்த்த தலைமைப் பண்பில் அதற்கு ஈடாக இன்னொன்றைச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த மாதம் தவறுகள், குறைகள் பதிவு மளமளவென்று ஏறியது. நிர்வாகம் பதறியது. அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மன்சன் 1996இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக் காட்டினேன். மருத்துவமனை வார்டுகளில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்த அவர், நல்ல தலைமையும் இணக்கமும் உள்ள குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருப்பதைக் கண்டார். அங்கே தவறை மறைக்கத் தேவை இல்லாததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்றார். நம் ஆயாவும் அதைத்தானே காட்டினார்?

கிருஷ்ணகிரி, ஓசூர்ப் பக்கம் மருத்துவமனை நடத்தும் நண்பர்களே, அடுத்த திட்டக் கூட்டத்துக்கு முன் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு உங்கள் பிரசவ வார்டுக்குப் போய் நில்லுங்கள். ரெஜிஸ்டரையும் வெப்பமானியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கையில் மெமோ புத்தகம் வேண்டாம்.

எங்கள் ரெஜிஸ்டரில் இப்போது 4 இருக்கிறது, 6 இருக்கிறது, 7 இருக்கிறது. ஒரு பக்கத்தில் சிவப்பு மையில் 11. அதன் பக்கத்தில் அதே சிஸ்டரின் கையெழுத்தும், எனக்குத் தொலைபேசியில் சொன்ன நேரமும் இருக்கின்றன: அதிகாலை 2.40.