கிரகணம் வந்தது ஏழாம் மாதத்தில்

பழைய வண்ணாரப்பேட்டையில் மாலையில் கிளினிக் பார்க்கும் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் நான். ஒருநாள் காசிமேட்டிலிருந்து நான்கு மாத ஆண் குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தது. பேசியதெல்லாம் மாமியார்தான். "பையன் மூத்திரம் போனா முன்னால அடிக்கல டாக்டரம்மா, கீழ தொடை மேல ஒழுகுது. கிரகணத்தன்னைக்கு கத்திய தொடாதேன்னு சொன்னேன். கேக்காம மீன் அரிஞ்சா." மருமகள் தலை நிமிரவே இல்லை.

மூத்திரத் துவாரம் நுனியில் இல்லாமல் ஆணுறுப்பின் அடிப்பக்கத்தில் இருந்தது. ஹைப்போஸ்பேடியாஸ் என்போம். 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருவது.

கிரகணம் எத்தனையாவது மாதத்தில் வந்தது என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "ஏழாம் மாசம்" என்றார். ஆணுறுப்பு உருவாகும் முக்கியக் கட்டம் ஏறக்குறைய 8 முதல் 14 வாரம் வரை. குழந்தையின் விரைகளில் சுரக்கும் ஆண் ஹார்மோன்தான் அந்த வேலையைச் செய்கிறது. அது அப்போது குறைந்தாலோ தடைபட்டாலோ மூத்திரக் குழாய் முழுதாக உருவாகாமல் நின்றுவிடலாம். "ஏழாம் மாசத்துக்கு ரொம்ப முன்னாடியே இது ஆயிடுச்சும்மா. மீன் என்ன பண்ணும்?" என்றேன்.

இந்தக் கணக்குதான் எனக்கு உறுத்தும். நம் பக்கம் பல பெண்கள் நாள் தள்ளிப்போனதை உறுதி செய்து, கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும் பிக்மி எண் வாங்கி, முதல் ஸ்கேனுக்குப் போவதற்குள் மூன்றாம் மாதம் ஓடிவிடுகிறது. நாங்கள் அறிவுரை சொல்லும்போது அந்த வேலை பெரும்பாலும் முடிந்திருக்கும்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இதுதான் காரணம் என்று கை காட்ட முடியாது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ இருந்தால் வாய்ப்பு கூடும். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாமல் எடை குறைந்து பிறக்கும் பிள்ளைகளிடம் அதிகம் பார்க்கிறோம். உடல் பருமன், கர்ப்பத்துக்கு முன்பே இருக்கும் சர்க்கரை ஆகியவற்றோடும் தொடர்பு தெரிகிறது.

மாத்திரை விஷயம் வேறு. வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட் இந்தக் குறையின் வாய்ப்பைக் கூட்டும். அதற்காகத் தாமாக நிறுத்திவிடக் கூடாது, வலிப்பு வந்தால் தாய்க்கே ஆபத்து. கருத்தரிக்கும் முன்பே மருத்துவரிடம் மாற்று கேட்க வேண்டும். இன்னொன்று, கோயில் விசேஷத்துக்காக நாள் தள்ளிப்போட மெடிக்கலில் வாங்கிப் போடும் ஹார்மோன் மாத்திரை. கர்ப்பம் என்று தெரியாமலே போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட்டு இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

விரை பைக்குள் இறங்காமல் போவது இன்னொரு பிறவிக் குறை. புகையிலைக்கும் அதற்கும் தொடர்பு காட்டும் ஆய்வுகள் உண்டு. ஒற்றை அறை வீட்டில் புருஷன் பிடிக்கும் பீடி அவருடையது மட்டுமல்ல, மாவா என்ற புகையிலைக் கலவையை மெல்லும் பெண்களும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக்கில் உள்ள தாலேட் போன்ற ரசாயனங்கள் மீதும் சந்தேகம் உண்டு, இன்னும் தீர்ப்பாகவில்லை. ஆனாலும் கொதிக்கிற டீயை கவரில் கட்டி வாங்குவதை விடலாமே. 2019 ஜனவரி முதல் தடை இருந்தும் கவர் எங்கே போயிற்று?

விரை இறங்காததை முதலில் கண்டுபிடிப்பவர் பெரும்பாலும் பாட்டி. இரண்டு காலையும் நீட்டி, பிள்ளையைக் குப்புறப் போட்டுக் குளிப்பாட்டி, திருப்பிப் போடும்போது "பை ஒரு பக்கம் காலியா இருக்கே" என்பார். அதை நம்புங்கள். வெந்நீர்க் குளியலில் உடம்பு தளர்ந்திருக்கும், பார்ப்பதற்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. நிறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இது இருக்கும், குறைமாதத்தில் இன்னும் அதிகம். பலருக்கு முதல் சில மாதங்களில் தானாக இறங்கும். ஆறு மாதத்திலும் இறங்காவிட்டால் காத்திருக்க வேண்டாம், ஒன்றரை வயதுக்குள் அறுவை சிகிச்சை முடிந்தால் நல்லது.

மண்ணடியிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு ஹைப்போஸ்பேடியாஸ் சந்தோஷச் செய்தியாக இருந்தது. முன்தோல் பாதிதான் இருந்ததால் பிறக்கும்போதே சுன்னத் ஆன பிள்ளை என்றார்கள். மீதியையும் எடுத்துவிட நாள் குறித்திருந்தார்கள். நல்லவேளை, முன்பே வந்தார்கள். குழாயைச் சரிசெய்ய அந்தத் தோல்தான் எங்களுக்கு வேண்டும். முதலில் ஆபரேஷன், சுன்னத் அதோடு சேர்த்தே ஆகிவிடும்.

காசிமேட்டுப் பையனுக்கு ஒரு வயதில் ஆபரேஷன் ஆயிற்று. கடைசி முறை வந்தபோது மாமியார் வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "எம்பொண்ணு வலிப்புக்கு மாத்திரை போடுது டாக்டரம்மா. அடுத்த மாசம் கல்யாணம்." திரும்பக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.