கூரை தெரிந்தால் குரல் கேட்கும்

இருநூறு, முந்நூறு பேர் மட்டுமே உட்காரக்கூடிய பழைய நாடக அரங்கில், டிக்கெட் விலையை வைத்து இருக்கையைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற வாய்ப்பு அதிகம். பதினெட்டாம் நூற்றாண்டு அரங்குகளில் மேடையை ஒட்டிய பாக்ஸ், அதாவது தனித்தனியாகத் தடுத்த சிறு இருக்கை அறைதான் உசத்தி. அங்கே வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாடகத்தைப் பார்ப்பது பாதி வேலை. தங்களை ஊர் பார்க்க வேண்டும் என்பது மீதி. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், ரிச்மண்ட் என்னும் ஊரில் 1788-இல் கட்டப்பட்ட ஜார்ஜியன் தியேட்டர் ராயல் அந்த அமைப்பை இன்றும் காட்டுகிறது: நடுவே தாழ்ந்த குழியில் பெஞ்சுகள், சுற்றிலும் பாக்ஸ்கள், மேலே கேலரி. மொத்தமே 214 பேர்தான். விலை வைத்தவர்கள் அந்தஸ்தைக் கணக்கிட்டார்கள். ஒலிக்கும் ஒளிக்கும் அந்தக் கணக்கு தெரியாது.

முதலில் ஒலி. நடிகர் சற்று உரக்கப் பேசினால் ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 70 டெசிபல் இருக்கும். தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் நேராக வரும் ஒலியில் 6 டெசிபல் குறையும். அதாவது 4 மீட்டரில் 58, 8 மீட்டரில் 52, 16 மீட்டரில் 46. இதை மட்டும் நம்பினால் கடைசி வரிசைக்குப் பாதி வசனம் போய்ச் சேராது. மைக் இல்லாத காலத்தில் அந்தக் குறையை ஈடுகட்டியது கட்டடம். குரல் கூரையில் பட்டு, கேலரியின் முகப்புப் பலகையில் பட்டு, பக்கச் சுவரில் பட்டு உங்களிடம் வருகிறது. நேரே வந்த ஒலிக்குப் பின் ஏறத்தாழ 50 மில்லிவினாடிக்குள் வரும் இந்தத் துணை ஒலிகளைக் காது தனியாகப் பிரித்துக் கேட்பதில்லை. முதல் ஒலியோடு சேர்த்துக்கொள்கிறது. குரல் கூடுதல் பலத்தோடும் தெளிவோடும் கேட்கிறது, வரும் திசையும் நடிகரின் வாயாகவே தோன்றுகிறது. ஒலியின் வேகம் வினாடிக்கு சுமார் 343 மீட்டர். 50 மில்லிவினாடியில் அது 17 மீட்டர் போகும். சுற்றி வரும் பாதை நேர்ப்பாதையைவிட 17 மீட்டருக்குள் கூடுதலாக இருந்தால் லாபம், அதைத் தாண்டினால் எதிரொலி. சிறிய அரங்கின் பெரும்பாலான இடங்களில் இந்தக் கூடுதல் ஐந்தாறு மீட்டர்தான்.

இதில் பெரும்பங்கு கூரைக்கு. பேச்சில் சொல்லைப் பிரித்துக் காட்டுபவை க, ச, ட, த போன்ற மெய்யொலிகள். அவற்றின் ஆற்றல் அதிகம் 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. அந்த அதிர்வெண்ணில் அலைநீளம் 17 சென்டிமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. இவ்வளவு சிறிய அலை, பெரிய பரப்புகளில் பட்டு ஏறக்குறைய ஒளியைப் போலவே நேர்கோட்டில் போய்த் திரும்புகிறது. ஆகவே ஒரு எளிய சோதனை: இருக்கையில் உட்கார்ந்து அண்ணாந்து பாருங்கள். அரங்கின் கூரை நன்றாகத் தெரிந்தால் அதில் பட்டுத் திரும்பும் குரலும் உங்களுக்கு வரும். கண்ணுக்குத் தெரிவது மேலே இருக்கும் பால்கனியின் அடிப்பலகை மட்டும் என்றால், அந்தப் பங்கு கிடைக்காது.

பால்கனிக்கு அடியில் உள்ள கடைசி வரிசைகள் மந்தமாகக் கேட்பது இதனால்தான். வாய்ப்பகுதியின் உயரம் 2.5 மீட்டர் இருந்து, உள்ளே ஆழம் 5 மீட்டரைத் தாண்டினால் குரல் ஒரு குகைக்கு வெளியே ஒலிப்பதுபோல் இருக்கும். நாடகத்துக்கு ஆழம் உயரத்தின் இரண்டு மடங்குக்கு மேல் போகக் கூடாது என்பது ஒலியியல் பொறியாளர்களின் விதி. பழைய அரங்குகளில் பிற்காலத்தில் கூடுதல் வரிசைகளைத் திணித்தவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தரை இருக்கைகளுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. குரல் தலைகளையும் இருக்கைகளின் முதுகுகளையும் உரசிக்கொண்டு வரும்போது 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த ஒலிகள் 10 டெசிபலுக்கு மேல்கூட வடிந்துவிடும். இரண்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள பள்ளம் ஒரு கிணறுபோல நடந்துகொள்கிறது: அதன் ஆழம் அலைநீளத்தில் கால் பங்காக இருக்கும்போது, உள்ளே போய்த் திரும்பும் அலை, பள்ளத்தைக் கடந்து செல்லும் அலையைக் கிட்டத்தட்ட ரத்துசெய்கிறது. 85 சென்டிமீட்டர் உயர முதுகுப் பலகை என்றால் இது சுமார் 100 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. ஆண்குரலின் அடித்தளமே அங்குதான். சொற்கள் புரியும், ஆனால் குரலில் சதை இருக்காது. கேலரியின் முதல் வரிசைக்கு ஒலி தலைகளை உரசாமல் நேரே ஏறி வருகிறது, கூரையும் பக்கத்திலேயே இருக்கிறது. மலிவு டிக்கெட்காரருக்குக் கிடைத்த அதிர்ஷ்டம் இது. காதுக்காகப் போகிறவர் கேட்க வேண்டியது கேலரியின் முதல் அல்லது இரண்டாம் வரிசையை. கடைசி வரிசையை அல்ல.

முதல் வரிசையின் குறை வேறு மாதிரியானது. உங்களுக்குப் பின்னால் 12 மீட்டரில் வழவழப்பான வெற்றுச் சுவர் இருந்தால், நடிகரின் குரல் உங்களைக் கடந்து போய்த் திரும்பி வர 24 மீட்டர் கூடுதல், அதாவது 70 மில்லிவினாடி. சிறிய அரங்கில் தெளிவான எதிரொலி கேட்கும் ஒரே இடம், வேடிக்கையாக, மேடைக்கு மிக அருகில்தான். சுவர் குதிரைலாடம்போல் வளைந்திருந்தால் அந்த ஒலி குவிந்தும் வரும். பழைய அரங்குகளின் பாக்ஸ் தடுப்புகள், மர வேலைப்பாடுகள், வெல்வெட் திரைகள் இந்தக் குவியலை உடைத்துச் சிதறடிக்கின்றன. புதுப்பிக்கும்போது இவற்றை எடுத்துவிட்டு வெள்ளைப் பூச்சு பூசிய இடங்களில் எதிரொலி புதிதாக முளைக்கும்.

எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதும் ஒலியை மாற்றுகிறது. ஒலி அணைய எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முதன்முதலில் கணக்காக்கியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபின். 1895-இல் ஃபாக் அருங்காட்சியகத்தின் விரிவுரைக் கூடத்தில் ஒரு ஒலி அணைய 5.5 வினாடி ஆனது. பேச்சாளரின் ஒரு வாக்கியம் அடுத்த வாக்கியத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது. சபின் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் தியேட்டரின் இருக்கை மெத்தைகளை இரவில் கொண்டுவந்து அடுக்கி அடுக்கி அளந்தார். அவர் கண்ட சூத்திரம்: கூடத்தின் கன அளவை 0.161-ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், உடையும் உடம்புமாக, ஏறத்தாழ 0.4 சதுர மீட்டர் திறந்த ஜன்னலுக்குச் சமம்; திறந்த ஜன்னலில் பட்ட ஒலி திரும்பி வராது.

வெறும் மரப் பெஞ்சுகள் போட்ட 1,500 கன மீட்டர் அரங்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆளில்லாதபோது உறிஞ்சும் பரப்பு 150 சதுர மீட்டர் என்றால் எதிர்முழக்கம், அதாவது ஒலி அணையும் நேரம், 1.6 வினாடி. 300 பேர் வந்து உட்கார்ந்தால் பரப்பு 270 ஆகி, நேரம் 0.9 வினாடிக்கு இறங்கும். பேச்சுக்கு ஒரு வினாடிக்குள் இருப்பதே நல்லது. நிறைந்த அரங்கில் தெளிவாகக் கேட்ட அதே நாடகம், பாதி காலியான பகல் காட்சியில் குழறுவது இதனால்தான். கூட்டம் குறைவு என்று தெரிந்தால் நான்கைந்து வரிசை முன்னே போய்விடுங்கள். நேர் ஒலியின் பங்கு கூடும். மெத்தை இருக்கைகள் உள்ள அரங்கில் இந்தக் கவலை குறைவு, ஆளில்லா மெத்தையும் உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும்.

இனி அந்த உசத்தியான பாக்ஸ். மனித வாய் எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. தாழ்ந்த ஒலிகள் தலையைச் சுற்றி வளைந்து போகும். மெய்யொலிகள் முன்பக்கமே பாயும். நடிகர் எதிர்ப்பக்கம் திரும்பியதும் பாக்ஸில் இருப்பவருக்கு 4,000 ஹெர்ட்ஸ் பகுதியில் 10 டெசிபலுக்கு மேல் இழப்பு. குரல் கேட்கும், சொல் கேட்காது. பார்வையும் பாதி. மேடை வாய் 7 மீட்டர் அகலம், உங்கள் இருக்கை அதன் ஓரத்திலிருந்து 1 மீட்டர் வெளியே, 3 மீட்டர் முன்னே என்றால், 6 மீட்டர் ஆழத்தில் உங்கள் பக்கத்து 2 மீட்டர் மறைந்துபோகும். அதே பாக்ஸில் ஒரு மீட்டர் உள்ளே தள்ளி உட்கார்ந்தவருக்கு 4 மீட்டர், அதாவது பாதிக்கு மேல். பாக்ஸ் எடுப்பதானால் கைப்பிடியை ஒட்டிய நாற்காலி வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

தலை மறைப்பது தனிக் கணக்கு. கண்ணிலிருந்து உச்சந்தலைக்குச் சுமார் 12 சென்டிமீட்டர். பின்வரிசைக்காரரின் பார்வைக்கோடு முன்வரிசைக்காரரின் கண்ணுக்கு மேலே இவ்வளவு உயரத்தில் போனால் தலை மறைக்காது; ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில் இடுக்கு வழியே பார்க்க 6 சென்டிமீட்டர் போதும். தரை சமமாக இருக்கும் பழைய குழியில் இது கிடைக்கவே கிடைக்காது. அதற்காகத்தான் மேடையையே சாய்த்தார்கள். 24-க்கு 1 என்ற சரிவில் 8 மீட்டர் ஆழ மேடையின் பின்கோடு 33 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும்.

தூண்களைப் பற்றி விற்பவர்கள் 'பார்வை சற்று மறையும்' என்று பொதுவாகச் சொல்வார்கள். தூண் எத்தனை மீட்டர் தள்ளி என்று கேளுங்கள். 15 சென்டிமீட்டர் தூண் ஒரு மீட்டர் முன்னே இருந்தால், 10 மீட்டரில் உள்ள மேடையில் 90 சென்டிமீட்டர் இரு கண்ணுக்குமே தெரியாது. ஒரு நடிகர் முழுசாக ஒளிந்துகொள்ளலாம். அதே தூண் 4 மீட்டர் தள்ளி இருந்தால் மறைவது 28 சென்டிமீட்டர்தான். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் தீர்ந்தது.

நடு அச்சில் உட்காருவதற்கு ஒரே ஒரு வலுவான காரணம் உண்டு: வரைந்த காட்சிகள். இத்தாலியின் விச்சென்சாவில் பல்லாடியோ வடிவமைத்த தியாத்ரோ ஒலிம்பிகோ 1585-இல் திறக்கப்பட்டது. அதன் மேடைக்குப் பின்னால் ஸ்கமோத்சி மரத்தாலும் சாந்தாலும் கட்டிய தெருக்கள் இன்னும் நிற்கின்றன. தரை ஏறிக்கொண்டும் வீடுகள் சிறுத்துக்கொண்டும் போவதால் சில மீட்டர் ஆழம் நீண்ட வீதியாகத் தெரிகிறது. நடிகர் அதற்குள் நடந்து போனால் மாயம் கலைந்துவிடும்; வீட்டைவிட மனிதர் பெரிதாகிவிடுவார். அடுத்தடுத்து நிற்கும் பக்கத்தட்டிகளில் காட்சி வரைந்த பிற்கால அரண்மனை அரங்குகளில், எல்லாக் கோடுகளும் அரசரின் இருக்கையைக் குறிவைத்தன. அச்சிலிருந்து விலக விலகத் தட்டிகளுக்கு இடையே சந்து தெரியும். வரைந்த தூண் வரிசை முறிந்த பல்லாகிவிடும்.

ஸ்டாக்ஹோமுக்கு அருகே 1766-இல் கட்டப்பட்ட ட்ரோட்னிங்ஹோம் அரங்கில் மேடைக்கு அடியில் உள்ள மர எந்திரத்தை ஆட்கள் சுழற்ற, எல்லாத் தட்டிகளும் ஒரே நேரத்தில் நழுவிச் சில வினாடிகளில் காடு அரண்மனையாகிறது. இந்த எந்திரங்களின் கயிறு ஈரத்தில் சுருங்கும். சணல் இழைகள் நீர் குடித்துப் பருக்கும்போது முறுக்கு இறுகி நீளம் குறைகிறது. மழை நாளில் மேகத் தட்டி ஒரு கை அளவு உயரே போய் நிற்காமல் இருக்கக் காட்சிக்கு முன் கயிறுகளைத் திருத்தியாக வேண்டும். இங்கிலாந்தின் பிரிஸ்டல் ஓல்டு விக் அரங்கில் இடிமுழக்கத்துக்கு மின்கருவி வேண்டாம். கூரைக்கு மேலே சரிந்த மரக்கால்வாயில் இரும்புக் குண்டுகளை உருட்டுவார்கள். கூரைப் பலகையே அதிர்வதால் சத்தம் ஒரு திசையிலிருந்து வராது, தலைக்கு மேல் எங்கிருந்தோ வரும். அதைக் கேட்கவும் கேலரிதான்.

மெழுகுவத்தி வெளிச்சத்தில் நடக்கும் காட்சிக்குப் போவதானால் கால் மணி நேரம் முன்பே உள்ளே போங்கள். நூறு வத்திகள், ஐந்து மீட்டர் தூரம் என்றால் நடிகரின் முகத்தில் விழும் வெளிச்சம் சுமார் 4 லக்ஸ். படிக்கும் மேசைக்கு 300 தேவை. விழித்திரையின் கூம்புகள் இருளுக்குப் பழகப் பத்து நிமிடம், கோல்களுக்கு அரை மணி. நடுவில் ஒரு முறை கைபேசியைத் திறந்தால் பழகியது போச்சு, பக்கத்து ஆளுக்கும் சேர்த்து. ஜப்பானில் கொத்தொஹிராவில் உள்ள கனமாரு-சா என்னும் 1835-ஆம் ஆண்டுக் கபுகி அரங்கில் பக்க ஜன்னல்களின் கதவுகளைத் திறந்து மூடியே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தார்கள்.

உடை விஷயம். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் 100 வாட் வெப்பம் விடுகிறார். 300 பேர் என்றால் 30 கிலோவாட், பதினைந்து அறைச்சூடேற்றிகள் ஓடுவதற்குச் சமம். சூடேறிய காற்று மேலே போய்க் கேலரியில் தங்குகிறது. ஒலிக்கு நல்ல இடம் உடம்புக்குப் புழுக்கம். முன்வரிசையில் நேர்மாறு: திரை தூக்கியதும், வெப்பமில்லாத மேடைக்கூடத்தின் குளிர்ந்த காற்று கீழாகச் சரிந்து முதல் மூன்று வரிசைகளின் காலில் பாயும். மேலே போகிறவருக்கு மெல்லிய சட்டை, முன்னே உட்காருபவருக்கு ஒரு சால்வை. பழைய பெஞ்சுகளுக்கு இடையே 70 சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். காலை நீட்ட வேண்டியவர் நடைபாதை ஓரத்தை எடுக்கட்டும்.

கேலரிக்கு ஏறும் படிக்கட்டையும் கவனித்துக்கொண்டே ஏறுங்கள். 1887-இல் இங்கிலாந்தின் எக்ஸீட்டர் தியேட்டர் ராயல் எரிந்தபோது 186 பேர் இறந்தார்கள், அவர்களில் மிகப் பலர் கேலரியில் இருந்தவர்கள். 1903-இல் சிகாகோவின் இராகுவா தியேட்டரில் 602 பேர். அங்கே கதவுகள் பல உள்ளே திறப்பவை, தாழ்ப்பாள்கள் பழக்கமில்லாதவை. இன்று திறந்திருக்கும் பழைய அரங்குகளில் கூடுதல் வழிகள் இருக்கின்றன, ஆனால் அவை வந்த வழியாக இருக்காது. விளக்கு அணைவதற்கு முன் இரண்டாவது வாசல் எங்கே என்று பார்த்து, இடையில் எத்தனை வரிசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். புகையில் கண் உதவாது. பெஞ்சின் முதுகைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டு போகலாம்.