நண்டுச் சின்னச் சிப்புக்கு ஒரு டிரைவர்

பழைய மேசைக் கணினியைக் கழற்றிப் பார்த்தவர்கள், நெட்வொர்க் கார்டில் நண்டு படம் போட்ட ஒரு கறுப்புச் சில்லைக் கவனித்திருக்கலாம். தைவானின் ரியல்டெக் நிறுவனத்துச் சின்னம் அது. மலிவான கார்டுகளில் அடிக்கடி தென்பட்ட அதன் சிப் 8139. வேகம் வினாடிக்கு 100 மெகாபிட். 1998இல் வெளிவந்த ஃபிரீபிஎஸ்டி 3.0 இயங்குதளத்துக்காக இதற்கு டிரைவர், அதாவது இயங்குதளம் இந்தச் சிப்பை இயக்க உதவும் நிரல், எழுதியவர் பில் பால். பிசிஐ (கணினிக்குள் கார்டு செருகும் இணைப்பு முறை) ஈதர்நெட் (கம்பிவழி நெட்வொர்க்) சிப்புகளிலேயே படுமோசமானது அநேகமாக இதுதான் என்று நிரலின் தொடக்கக் குறிப்பிலேயே எழுதி வைத்தார். ஒரு சில்லின் மேல் அவ்வளவு கடுப்பு ஏன்?

டிரைவரின் முதல் வேலை கார்டை அடையாளம் காண்பது. ஒவ்வொரு பிசிஐ கார்டும் தயாரித்தவரின் எண்ணையும் தன் எண்ணையும் வைத்திருக்கும். கணினி பூட் ஆகும்போது இயங்குதளத்தின் மையமான கெர்னல் ஒவ்வொரு இடமாகத் தட்டிக் கேட்கும். எண்கள் தன் பட்டியலில் இருந்தால் ‘இது என்னுடையது’ என்று டிரைவர் கையைத் தூக்கும். டி-லிங்க் டிஎஃப்இ-530டிஎக்ஸ்+ கார்டு 1186, 1300 என்று சொல்லும். உள்ளே இருப்பது என்னவோ 8139தான். அதற்கு ஆதரவு சேர்க்க, பட்டியலில் ஒரு பதிவைக் கூட்டினால் ஏறக்குறைய வேலை முடிந்தது. ஆனால் கூட்டல் குறி இல்லாத 530டிஎக்ஸ் வேறு சாதி: அதில் இருப்பது வியா நிறுவனத்தின் ரைன் சிப். அட்டைப் பெட்டியில் அச்சடித்த பெயரை வைத்து டிரைவர் தேடினால் இங்கே தடுக்கி விழ வேண்டியதுதான்.

சரி, அடையாளம் கண்டாயிற்று. சிப்பை ரீசெட் செய்து, நெட்வொர்க்கில் கார்டின் அடையாளமான மேக் முகவரியைப் படிப்பதும் சுலபம். சிப்புக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களின் முதல் 6 பைட்டுகளே அந்த முகவரி. அப்புறம்தான் தகராறு.

இந்தச் சிப் கணினியின் நினைவகத்தைத் தானே படிக்கும், தானே எழுதும். பிராசஸர் ஒவ்வொரு பைட்டாகச் சுமக்க வேண்டியதில்லை. இதைத்தான் டிஎம்ஏ என்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுப் பொட்டலம்) அனுப்ப 8139இல் நான்கே நான்கு இடங்கள். அனுப்ப வேண்டிய பாக்கெட் நினைவகத்தில் துண்டுபடாமல் ஒரே நீளமாகக் கிடக்க வேண்டும். அது தொடங்கும் முகவரி 4ஆல் வகுபட வேண்டும். ஃபிரீபிஎஸ்டியோ பாக்கெட்டை எம்பஃப் என்ற துண்டுகளாகச் சங்கிலி கோத்து வைப்பது: தலைப்பு ஒன்றில், சரக்கு அடுத்ததில். அதனால் ஏறக்குறைய ஒவ்வொரு பாக்கெட்டையும் வேறோர் இடத்தில் ஒன்றாக்கிப் பிரதி எடுத்த பிறகுதான் அனுப்ப முடியும். சுமை குறையத்தானே டிஎம்ஏ?

பெறும் பக்கம் இன்னும் மோசம். ஒழுங்கான சிப் என்றால், காலி இடங்களின் பட்டியல் ஒன்றை டிரைவர் முன்கூட்டியே கொடுத்துவிடும். நிரம்பிய இடத்தை அப்படியே மேலே தள்ளிவிட்டு, புது இடம் ஒன்றைப் பட்டியலில் வைத்தால் போதும். 8139க்குக் கொடுக்க முடிவது ஒரே ஒரு தொட்டி, அதிகபட்சம் 64 கிலோபைட். வருவதையெல்லாம் வரிசையாக அதில் கொட்டும். கடைசிக்குப் போனதும் மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு பாக்கெட்டின் முன்னும் அதன் நிலையும் நீளமும் 4 பைட்டில் இருக்கும். டிரைவர் அதைப் படித்து, பாக்கெட்டை வெளியே பிரதி எடுத்து, ‘இதுவரை முடித்துவிட்டேன்’ என்று சிப்புக்குச் சொல்ல வேண்டும். அந்த இடத்தையும் உள்ளபடி சொல்லக் கூடாது, 16 குறைத்துச் சொல்ல வேண்டும்! முழு அளவுப் பாக்கெட்டுகள் என்றால் வினாடிக்குச் சுமார் 8,100 வரலாம். மிகச் சிறியவை என்றால் 1,48,800 வரை. டிரைவர் அசந்தால் தொட்டி நிரம்பி, புதிதாக வருபவை தொலைந்து போகும்.

இத்தனைக்கும், சொந்தமாக இயங்குதளம் எழுதிப் பழகுபவர்கள் பலர் இன்றும் தொடங்குவது 8139இல்தான். கியூஇஎம்யு என்ற மெய்நிகர்க் கணினி அந்தச் சிப்பை நடித்துக் காட்டும், ரெஜிஸ்டர்களும் குறைவு.

பின்னால் வந்த 8139சி+ சிப்பில் ரியல்டெக் இதைச் சரிசெய்தது. அனுப்ப 64, பெற 64 என்று பட்டியல் வைத்துக்கொள்ளலாம். ஃபிரீபிஎஸ்டியில் அதற்கும் பில் பாலே புது டிரைவர் எழுதினார். ஆனால் புதுச் சிப்பும் தன் எண் 8139 என்றே சொல்கிறது. விட்டால் பழைய டிரைவர், புது டிரைவர் இரண்டுமே ஒரே கார்டுக்குக் கையைத் தூக்கும். லினக்ஸ் இயங்குதளத்திலும் இதே சிக்கல்தான். எனவே அது இன்னொரு சின்ன எண்ணையும் பார்க்கிறது: சிப்பின் திருத்த எண். பதினறும முறையில் அது 20க்குக் குறைவு என்றால் பழைய டிரைவருக்கு, இல்லாவிட்டால் புதியதற்கு.