45 வீதம் வளரும் வேலை எத்தனை பேருக்கு?

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு எங்கள் தொழில் வழிகாட்டல் மேசைக்கு வருகிற பெற்றோரில் பலர் கைத்தொலைபேசியில் ஒரு பட்டியலைக் காட்டுவார்கள். அடுத்த பத்து வருடத்தில் வேகமாக வளரப்போகும் தொழில்கள் என்று தலைப்புப் போட்டிருக்கும். வெளிநாட்டிலிருந்து மாமாவோ சித்தியோ அனுப்பியிருப்பார்கள். பிள்ளைமேல் உள்ள அக்கறையில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் அதை எப்படி வாசிப்பதென்று தெரியாமல் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் மூன்று நாலு வருடத்தைத் தொலைப்பதைப் பார்க்க மனம் பொறுக்குதில்லை.

நான் காணும் பட்டியல்களில் பெரும்பாலானவை அமெரிக்கக் கணக்குகள். அங்கே தொழிலாளர் புள்ளிவிபரப் பணியகம் முழு நாட்டுக்கும் பத்தாண்டு எதிர்வுகூறலை வெளியிடுகிறது. மாநிலங்களும் தங்கள் தங்கள் கணக்கை வெளியிடுகின்றன. 2022 முதல் 2032 வரையான தேசியக் கணக்கில் முதலிடம் காற்றாலைத் தொழில்நுட்பவியலாளருக்கு. வளர்ச்சி 45 வீதம். முதியோரையும் நோயாளரையும் வீடுகளில் பராமரிப்போருக்கு 22 வீதம்தான்.

இனி ஆட்கணக்கைப் பாருங்கள். 2022இல் அந்தப் பெரிய நாடு முழுவதிலும் காற்றாலை வேலையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 11,200 பேர். பத்து வருடத்தில் புதிதாகச் சேர்வது 5,000 வேலை. பராமரிப்பாளர்களோ 37 இலட்சம் பேர், புதிதாகச் சேர்வது 8 இலட்சம் வேலை. இதற்கு மேலே இன்னொன்றும் இருக்கிறது. ஓய்வு பெறுகிறவர்கள், வேறு தொழிலுக்குப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் இடங்கள். வெற்றிடங்களில் பெரும்பகுதி இவைதான். கடைக் காசாளர் வேலை குறையும் என்றே கணித்திருக்கிறார்கள், ஆனாலும் வருடாவருடம் அதில் இலட்சக்கணக்கான வெற்றிடங்கள் வரும்.

ஒரு தாய் மகனோடு வந்தார். “சேர், இவன் காத்தாடிப் படிப்புத்தான் படிக்கப்போறானாம். இனி அதுக்குத்தான் காலமெண்டு மாமா சொன்னவராம்.”

பெடியனிடம், “தம்பி, இப்ப என்ன செய்யிறீர்?” என்று கேட்டேன். அவன் வாய் திறக்க முதல் தாயே சொன்னார்: “சும்மா அயலுக்குத் தண்ணி மோட்டர் திருத்திக் குடுக்கிறவன், சேர்.” அந்தச் ‘சும்மா’வில் ஒரு வெட்கம் இருந்தது.

“மோட்டர் எரிஞ்சா, கடையில சுத்திக் குடுக்க எத்தனை நாள் எடுக்குது?”

“ஒரு கிழமைக்குக் குறையாது, சேர்.” இது பெடியன்.

வீட்டுக்கு வீடு கிணறும் மோட்டரும் உள்ள குடாநாட்டில், தோட்டக்காரன் தண்ணீர் இறைக்க ஒரு கிழமை காத்திருக்கிறான் என்றால் அங்கே ஆள் போதாது. எங்களூருக்கு இதைவிட நம்பகமான எதிர்வுகூறல் கிடைப்பது கஷ்டம். கூரைச் சூரியக்கலம் பூட்ட, குளிரூட்டி திருத்த, பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் வயதான அம்மாவோடு இரவில் நிற்க, இவற்றுக்கெல்லாம் ஆள் தேடிப் பாருங்கள். எத்தனை பேரிடம் கேட்டு அலைகிறீர்கள் என்பதே கணக்கு.

காற்றாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மன்னாரில் தம்பபவனி காற்றாலைப் பூங்காவின் 30 காற்றாலைகள் 103.5 மெகாவாட் கொள்ளளவோடு நிற்கின்றன. வடக்கில் காற்றுக்குக் குறைவில்லை. ஆனால் மன்னாரிலும் பூநகரியிலும் வரவிருந்த காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி குழுமம் 2025 பெப்ரவரியில் விலகியது. ஒரு முதலீட்டாளர் விலகினால் அதை நம்பிப் போட்ட வேலைக் கணக்கும் சரிந்துவிடும். மின்னியலில் என்.வி.கியூ. எனும் தேசிய தொழில் தகைமையின் 4ஆம் மட்டம் முடித்த பிள்ளைக்கு அந்தப் பயம் குறைவு. காற்றாலை வந்தால் அங்கே போகலாம், வராவிட்டால் வீட்டு வயரிங்கும் மோட்டரும் இருக்கிறது.

அந்தப் பெடியனைப் போல வேலையைக் கையால் பழகியவர்கள் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியைக் கேட்டறியுங்கள். முழுக் கற்கைநெறியையும் படிக்காமல், அனுபவத்தை நிரூபித்து, செய்முறை மதிப்பீட்டில் தேறினால் அதே என்.வி.கியூ. சான்றிதழ் கிடைக்கும். செய்த வேலைகளின் படங்கள், பற்றுச்சீட்டுகள், வேலை செய்வித்தவர்களின் கடிதங்களை இன்றைக்கே சேர்த்து வையுங்கள். தொழிற்பயிற்சி அதிகாரசபையில் விசாரிக்கலாம். பிரதேச செயலகத்தில் மனிதவலு வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். போகும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விகளை அவனோ அவளோ கேட்கட்டும்.