குளிரில் சைலேஜ் கெடாதா?

தை, மாசியில் நுவரெலியா பக்கம் விடியற்காலையில் பார்த்தால் புல் நுனியெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். வெயில் ஏறியதும் அதே புல் கருகிவிடும். மலைக்கு வேலைக்குப் போய்வந்து புல்லுக்கு அலைபவர்களுக்கு இருட்டும்வரை தேடினாலும் அரைக்கட்டுத்தான் சேரும். அதனால்தான் லயத்துக்குப் பின்னால் கொட்டிலில் ஒன்றிரண்டு மாடு வைத்திருப்பவர்களிடம், புல் மண்டிக் கிடக்கும்போதே கோ-3 தீவனப் புல்லையும் சோளத்தையும் நறுக்கி, காற்றுப் புகாமல் மூட்டையில் அடைத்துப் புளிக்கவைக்கும் சைலேஜ் போடச் சொல்லி வருகிறேன். ஊறுகாய்ப் புல் என்றால் சட்டென்று புரிந்துகொள்வார்கள்.

ஆனால் மூட்டை கட்டுவதைச் சொல்லிக்கொடுத்த அளவுக்கு, பிரித்த பிறகு என்ன செய்வது என்று நான் சொல்லவில்லை. என் தவறுதான்.

ஒரு மாசியில், ஏழு மாதச் சினை மாடு கன்று வீசிவிட்டது என்று கூப்பிட்டார்கள். கொட்டில் மூலையில் வாய் கட்டாத மூட்டை ஒன்று. பிரித்து ஒன்பது நாளாம். மேலே வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம்.

"இந்தக் குளிருக்கு எது கெடப்போகுது டொக்டர்? மேலே உள்ளதைத் தட்டிவிட்டுத்தான் போட்டேன்" என்றார் அந்த அக்கா.

கன்று வீசப் பல காரணம் உண்டு. அன்று சோதனைக்கு அனுப்பவும் எதுவும் மிஞ்சவில்லை. ஆகவே சைலேஜ்மீது பழி போட மாட்டேன். ஆனால் குளிரை நம்பியது தப்பு. சைலேஜைக் காப்பது குளிரல்ல, புளிப்பு. காற்றில்லாமல் மிதித்து அடைத்தால் புல்லிலுள்ள சர்க்கரை லாக்டிக் அமிலமாகும். புளிப்பு ஏற ஏறக் குறையும் பி.எச். அளவு 4க்கு இறங்கியதும் மற்றக் கிருமிகள் அடங்கும். காற்றுப் பட்டதும் ஈஸ்ட் அந்த அமிலத்தைத் தின்னத் தொடங்கும், பூஞ்சணம் ஏறும், லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமிக்கும் வழி திறக்கும். அந்தக் கிருமி 4 பாகை செல்சியஸ் குளிரிலும் பெருகக்கூடியது. சினை மாடு கன்று வீசலாம். மூளையைத் தாக்கினால் ஒரு காது தொங்கும், எச்சில் வடியும், மாடு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும்.

பூஞ்சணத்தின் நஞ்சு கண்ணுக்குத் தெரியும் இடத்தோடு நிற்பதில்லை. சுற்றியுள்ளதையும் தாராளமாக வெட்டி எறியுங்கள், மூட்டை முழுக்கப் பரவியிருந்தால் மொத்தமும் உரக்குழிக்குத்தான். இரண்டு மாட்டுக்குப் பெரிய பீப்பாய் எதற்கு? இரண்டு மூன்று நாளில் தீரும் சின்னப் பொலித்தீன் மூட்டைகளே போதும். எடுத்ததும் காற்றை அமுக்கி வெளியேற்றிக் கட்டுங்கள். எலி போட்ட ஓட்டையை அன்றே டேப் ஒட்டி அடையுங்கள்.

நல்ல சைலேஜ் மஞ்சள் கலந்த பச்சையாக, பழம் புளித்த மாதிரி மணக்கும். பிழியத் தண்ணீர் ஒழுகினாலோ, நாறிய வெண்ணெய் வாடை வந்தாலோ வேண்டாம். முதல் நாள் இரண்டு மூன்று கிலோ கொடுத்து, ஒரு வாரம் பத்து நாளில் கூட்டுங்கள். பால் கறந்த பிறகே போடுங்கள், இல்லாவிட்டால் பாலில் வாடை ஏறும்.

அப்புறம், வீசிய கன்றை வெறுங்கையால் தூக்காதீர்கள். பிள்ளைத்தாச்சி இருந்தால் அந்தப் பக்கமே வர வேண்டாம். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். புதைப்பதற்கு முன்னால் எங்களைக் கூப்பிடுங்கள். அன்று நான் போனபோது குழியை மூடி இரண்டு நாளாகியிருந்தது.