கீறாத வாட்ச் உடையும்: செராமிக் கேஸ் வாங்குபவர்களுக்கு

சர்வீஸுக்கு வரும் உடைந்த செராமிக் வாட்சுகளில் பெரும்பாலானவை கையில் கட்டியிருக்கும்போது உடைந்தவை அல்ல. கட்டும்போதோ கழற்றும்போதோ நழுவி விழுந்தவை. இடம் அநேகமாக வாஷ்பேசின் முன்னால், அல்லது பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில். தரை டைல்ஸ் அல்லது கிரானைட். விழுந்த உயரம் இடுப்பளவுதான். கொண்டுவருபவர்கள் கேட்பதும் ஒரே கேள்விதான்: "கீறலே விழாதுன்னு சொல்லித்தானே சார் குடுத்தாங்க?"

அப்படிச் சொன்னது பொய்யில்லை. கீறல் விழாது என்று சொன்னார்கள், உடையாது என்று யாரும் சொல்லவில்லை. வாங்குபவர் மனதில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது, விற்பவரும் அதைப் பிரித்துச் சொல்ல மெனக்கெடுவதில்லை. லட்சக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் பொருளில் இந்த ஒரு விஷயம் சொல்லாமல் விடப்படுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

செராமிக் என்றதும் காபிக் கோப்பை நினைவுக்கு வரும். வாட்சில் இருப்பது அந்தப் பீங்கான் இல்லை. இது ஜிர்கோனியம் ஆக்சைடு, ஜிர்கோனியா. பல் டாக்டரிடம் போனவர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம், "ஜிர்கோனியா கேப் போடலாமா?" என்று கேட்பார்களே, அதே குடும்பம்தான். மிக நுண்ணிய தூளோடு ஒரு பிசினைக் கலந்து அச்சில் அழுத்தி, பிசினை வெளியேற்றிவிட்டு, 1400 டிகிரி செல்சியஸுக்கும் மேல் சூளையில் சுடுகிறார்கள். சுடும்போது ஒவ்வொரு பக்கமும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும். அந்தச் சுருக்கத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். வெந்து வந்த பிறகு அதைச் செதுக்க வைரம் பதித்த கருவிதான் வேண்டும், வேறு எதுவும் அதன்மேல் நிற்காது. விலையில் பெரும்பகுதி இந்த வேலைக்குப் போகிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் மாமாவோ சித்தப்பாவோ வாங்கிவந்த பழைய ராடோ பல வீடுகளில் இருக்கிறது. "எங்க அப்பா ராடோவும் செராமிக்தான், நாப்பது வருஷமா ஒண்ணும் ஆகலை" என்பார்கள். 1962-இல் வந்த ராடோ டயாஸ்டார் செராமிக் இல்லை. அதன் கேஸ், அதாவது வெளிக்கூடு, டங்ஸ்டன் கார்பைடு சேர்ந்த வன்உலோகம். கையில் தூக்கினாலே அந்தக் கனம் தெரியும். ராடோவில் செராமிக் வந்தது 1986-இல், இன்டக்ரல் மாடலில். அதே ஆண்டு ஐ.டபிள்யூ.சி. என்ற ஸ்விஸ் நிறுவனம் தன் டாவின்சி மாடலுக்கு ஜிர்கோனியா கேஸ் போட்டது. 2000-இல் ஷனேலின் ஜே12 வந்த பிறகுதான் கருப்பு செராமிக் ஒரு மோகமாக மாறியது. ரோலெக்ஸ் 2005-இல் பெசலை, அதாவது கண்ணாடியைச் சுற்றியிருக்கும் வளையத்தை மட்டும் செராமிக்கில் கொண்டுவந்தது. ஒமேகா 2013-இல் ஸ்பீட்மாஸ்டருக்கு முழுச் செராமிக் கேஸ் கொடுத்தது. நம்ம ஓசூர் டைட்டனும் எட்ஜ் வரிசையில் செராமிக் போட்டிருக்கிறது.

ஆக, உங்கள் வாட்சில் செராமிக் எங்கே இருக்கிறது என்பது முதல் கேள்வி. பெசல் மட்டுமா, கேஸ் முழுவதுமா, செயினும் சேர்த்தா? அல்லது எஃகின்மேல் வெறும் கருப்புப் பூச்சா? பூச்சு என்றால் ஓரங்களில் தேய்ந்து வெள்ளி நிறம் எட்டிப் பார்க்கும், இடித்த இடத்தில் குழி விழும். செராமிக்கில் நிறம் உள்ளே கடைசி வரை ஒன்றுதான், குழி விழவே விழாது. கருப்பாக இருப்பதையெல்லாம் செராமிக் என்று நம்பி வாங்கியவர்கள் உண்டு. பில்லில் பொருளின் பெயர் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது கீறல். கடினத்தை அளக்க விக்கர்ஸ் என்று ஓர் அளவு உண்டு. அதில் வாட்சுகளில் சாதாரணமாக வரும் 316எல் ரக எஃகின் கடினம் 200-ஐ ஒட்டி இருக்கும். ஜிர்கோனியா 1200-ஐத் தாண்டும். மேலே இருக்கும் சஃபையர் கண்ணாடி 2000 அளவில். நம் தெருப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் எஃகைக் கீறும், ஜிர்கோனியாவைக் கீறாது. பத்து வருடம் கட்டிய செராமிக் வாட்ச் புதிதுபோலவே இருப்பதற்கு இதுதான் காரணம். வியர்வை இதை அரிக்காது, நிக்கல் ஒவ்வாமை உள்ள கைக்கும் சொறி வராது, எஃகைவிட எடை குறைவு. சென்னை வெயிலில் நாள் முழுக்கக் கட்டியிருக்க இதைவிடச் சுகமான கேஸ் அரிது. இந்தப் பொருள்மேல் எனக்கு நிஜமான மரியாதை உண்டு.

"செராமிக்லயும் கீறல் விழுந்திருச்சு" என்று வருபவர்களிடம் நான் முதலில் எடுப்பது பென்சில் அழிப்பான். மேஜையின் இரும்பு விளிம்பிலோ பைக் சாவியிலோ உரசும்போது செராமிக்கில் கீறல் விழுவதில்லை, அந்த உலோகம்தான் தேய்ந்து இதன்மேல் சாம்பல் நிறக் கோடாக ஒட்டிக்கொள்கிறது. வெள்ளை செராமிக்கில் இது பளிச்சென்று தெரியும். அழிப்பானால் தேய்த்தால் போய்விடும். போகவில்லை என்றால் உண்மையிலேயே கீறியிருக்கிறது, அதற்குக் காரணம் பெரும்பாலும் வைரம். வைர மோதிரம், வைரம் பதித்த வளையல், இன்னொரு செராமிக் வாட்ச், சாணைக்கல், உப்புத்தாள் இவையெல்லாம் செராமிக்கைக் கீறும்.

அப்புறம், பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று, கடையில் யாரும் சொல்லாதது. செராமிக் வாட்ச் கட்டிய கையிலேயே தங்க வளையலையும் போடாதீர்கள். வாட்சுக்கு ஒன்றும் ஆகாது. 22 காரட் தங்கம் மிக மென்மையானது, வாட்சின் ஓரம் அதை நாள்தோறும் உரசிக்கொண்டே இருக்கும். வளையல் மங்கிப்போய், எடையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். வாட்சில் ஒரு கோடுகூட இருக்காது என்பதால் காரணம் இதுதான் என்று யாருக்கும் தோன்றாது.

உடைவது எதனால்

பித்தளைக் குடம் விழுந்தால் நசுங்கும், மண்பானை விழுந்தால் உடையும். எஃகுக்கும் செராமிக்குக்கும் உள்ள வித்தியாசமும் அதுதான். எஃகுக்குள் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர முடியும். இடி விழுந்தால் அந்த இடம் கொஞ்சம் அமுங்கி, இடியின் ஆற்றலைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும். குழி விழும், அவ்வளவுதான். செராமிக்கில் அந்த நகர்வுக்கு இடமில்லை. அதைக் கீற விடாத அதே இறுக்கம், அதை வளையவும் விடாது. ஆற்றல் எங்கேயாவது போயாக வேண்டும். ஏற்கெனவே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்குறையைப் பிடித்துக்கொண்டு விரிசலாக ஓடுகிறது. விரிசல் ஓடுவதைத் தடுக்கும் திறனில் ஜிர்கோனியா எஃகின் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதே கஷ்டம்.

இத்தனைக்கும் செராமிக்குகளிலேயே இது உறுதியான ரகம். 1975-இல் ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹன்னிங்க், பாஸ்கோ என்ற மூன்று ஆய்வாளர்கள் இதன் ரகசியத்தை வெளியிட்டார்கள். ஜிர்கோனியாவின் நுண்மணிகள் ஒரு குறிப்பிட்ட படிக வடிவத்தில் அடைத்து வைக்கப்பட்டிருக்கின்றன. விரிசல் நுனி கிட்டே வரும்போது அந்த மணிகள் வேறு வடிவத்துக்கு மாறி, கனஅளவில் நான்கு சதவீதம் அளவுக்கு உப்புகின்றன. உப்பிய மணிகள் விரிசலை இரண்டு பக்கமும் நெருக்கிப் பிடிக்கும். மற்ற செராமிக் எல்லாம் தூள்தூளாகும் இடத்தில் இது தாக்குப்பிடிப்பதற்குக் காரணம் இந்த ஏற்பாடுதான். ஆனால் அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லையைத் தாண்டும் அடிக்கு முன்னறிவிப்பு கிடையாது. எஃகு முதலில் நசுங்கிக் காட்டும். செராமிக் முழுசாக இருக்கும், அடுத்த நொடி முழுசாக இருக்காது.

"என் ஃபிரண்டு மூணு தடவை கீழ போட்டான், ஒண்ணும் ஆகலை" என்ற சாட்சியை நம்ப வேண்டாம் என்று நான் சொல்வதும் இதனால்தான். எஃகின் வலிமை ஒரு துண்டுக்கும் இன்னொரு துண்டுக்கும் பெரிதாக மாறாது. செராமிக்கின் வலிமை, அந்தக் குறிப்பிட்ட துண்டுக்குள் இருக்கும் மிகப் பெரிய நுண்குறை எங்கே, எவ்வளவு பெரிது என்பதைப் பொறுத்தது. ஒரே சூளையில் வெந்த இரண்டு கேஸ்கள் ஒரே அடிக்கு வெவ்வேறு விதமாக நடந்துகொள்ளும். ஸ்வீடன் பொறியாளர் வெய்புல் 1939-இலேயே இந்தச் சிதறலுக்குக் கணக்கு எழுதிவிட்டார். உங்கள் நண்பரின் வாட்ச் தப்பித்தது உங்கள் வாட்சுக்கு உத்தரவாதம் இல்லை. உங்கள் வாட்சே ஒருமுறை தப்பித்தது அடுத்த முறைக்கு உத்தரவாதம் இல்லை. விழுந்த கோணம் மாறினாலே எல்லாம் மாறிவிடும்: தட்டையாக விழுந்தால் பிழைக்கலாம், செயினைப் பிடிக்கக் கேஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பின் நுனியில் விழுந்தால் கஷ்டம்.

இன்னொன்றும் கேட்பார்கள்: "ஷாக் ப்ரூஃப்னு போட்டிருக்கே?" ஐ.எஸ்.ஓ. 1413 என்ற அந்தத் தரம், ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கடின மரத்தரையில் விழுவதற்குச் சமமான அடியை வைத்துப் பார்க்கிறது. அடிக்குப் பிறகும் வாட்ச் ஒழுங்காக நேரம் காட்டுகிறதா என்பதுதான் அதில் முக்கியமான கேள்வி. நம் வீட்டில் இருப்பது மரத்தரை இல்லை. மரம் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும், கிரானைட் கொடுக்காது. அதே வேகத்தில் வந்து மோதினாலும் கிரானைட்டில் அடி இன்னும் குறுகிய நேரத்துக்குள் முடிந்துவிடும், அதனால் கேஸ்மேல் விழும் விசை அதிகம்.

எங்கே உடைகிறது என்றால், பெரும்பாலும் செயின் வந்து சேரும் கொம்பு நுனிகளில். அங்கே பொருள் மெல்லியது, நடுவில் ஸ்பிரிங் பாருக்கான, அதாவது செயினைக் கேஸோடு பிடித்திருக்கும் கம்பிக்கான துளை வேறு. அடுத்தது செராமிக் செயினின் கண்ணிகள். மூன்றாவது வகைதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது, பழுதுபார்க்கும் இடத்திலேயே உடைவது. எஃகு வாட்சுக்குப் பழகிய கை, பின்மூடி ஸ்குரூவை அதே பலத்தில் முறுக்கும். செயின் பின்னைச் சுத்தியால் தட்டி எடுக்கும். எஃகு அதைப் பொறுத்துக்கொள்ளும், செராமிக் பொறுக்காது. பேட்டரி மாற்றுவதற்குக்கூடச் செராமிக் வேலை தெரிந்தவரிடம்தான் கொடுங்கள். "இந்த கேஸுக்கு டார்க் (torque) ஸ்குரூடிரைவர் வச்சிருக்கீங்களா?" என்று கேட்பதில் தப்பில்லை, அது முறுக்கும் பலத்தை அளவோடு நிறுத்தும் கருவி. சரியாக வேலை செய்பவர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.

உடைந்த பிறகு

எஃகு கேஸில் குழி விழுந்தால் லேசர் வெல்டிங்கில் நிரப்பி, தேய்த்து, மெருகேற்றிப் பழையபடி கொடுத்துவிடலாம். செராமிக்கில் அந்த வழியே இல்லை. சூளையில் சுட்ட பொருளோடு புதுத் துண்டைச் சேர்த்துச் சுட முடியாது. சில கடைகளில் கருப்பு ரெசின் வைத்துப் பூசித் தருவார்கள். பார்வைக்குக் கொஞ்ச நாள் தாங்கும், பலம் எதுவும் சேராது. முறையான தீர்வு கேஸ் முழுவதையும் மாற்றுவதுதான். அதை நிறுவனம்தான் தர முடியும், வாட்ச் விலையில் கணிசமான பங்கு அதற்கே போய்விடும். விழுந்து உடைந்ததை வாரண்டி பொதுவாக ஏற்பதில்லை. எனவே வாங்கும் முன்பே கடையில் கேளுங்கள்: இந்த மாடலுக்கு மாற்றுக் கேஸ் கிடைக்குமா, என்ன விலை, எத்தனை வருடத்துக்கு ஸ்டாக் வைத்திருப்பார்கள்? வாட்சைத் தனியாக இன்ஷூரன்ஸில் சேர்க்க முடியுமா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

பழைய வாட்ச் வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எஃகு தன்மேல் பட்ட அடியையெல்லாம் வெளியே காட்டும், செராமிக் மறைத்துவிடும். பளபளப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். செயினைக் கழற்றச் சொல்லி, கொம்புகளின் உள்பக்கத்தைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். சில்லு பெயர்ந்த இடம் செயினுக்கு அடியில் ஒளிந்துகொண்டிருக்கும். டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்தால் மயிரிழை விரிசல் மின்னும். தண்ணீர் புகாத வாட்ச் என்றால் பிரஷர் டெஸ்ட் செய்து பார்க்காமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

யாருக்கு இது சரிப்படும்? அலுவலகம், வீடு, விசேஷம் என்று கட்டுபவர்களுக்கு நான் தாராளமாகச் சொல்வேன். பட்டறையிலோ கட்டட வேலையிலோ இருப்பவர்களுக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் டைட்டானியமோ எஃகோ போதும் என்பேன். கட்டுபவர்கள் ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: கட்டிலில் உட்கார்ந்து கட்டுங்கள், கட்டிலில் உட்கார்ந்தே கழற்றுங்கள். வாஷ்பேசின் விளிம்பில் வைக்காதீர்கள். சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் ஸ்பிரிங் பாரை மாற்றச் சொல்லுங்கள். அந்தச் சின்னக் கம்பி துருப்பிடித்து அறுந்து, லட்ச ரூபாய் வாட்ச் நடு ரோட்டில் விழுந்த கதைகள் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

அப்படியும் விழுந்துவிட்டால், ஓடுகிறதா என்று பார்க்கச் சாவி கொடுக்காதீர்கள், குலுக்காதீர்கள். கேஸ் முழுசாக இருந்தாலும் உள்ளே ஓட்டத்தைச் சீராக வைக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு முனை வளைந்திருக்கலாம், தூள் மிஷினுக்குள் போயிருக்கலாம். ஃபெவிக்விக் போட்டு ஒட்டவே ஒட்டாதீர்கள். அதன் ஆவி உள்ளே போய்க் கண்ணாடியிலும் டயலிலும் வெள்ளையாகப் படியும், அப்புறம் டயலுக்கும் சேர்த்துச் செலவு. கிடைத்த துண்டுகளையெல்லாம் பொறுக்கி ஒரு கவரில் போட்டு, வாட்சை ஒரு மெல்லிய துணியில் சுற்றி, பில்லோடும் வாரண்டி அட்டையோடும் கொண்டுவாருங்கள். கேஸ் மாற்றும்போது நிறுவனம் சீரியல் எண்ணைச் சரிபார்க்கும், அதனால் உடைந்த பழைய கேஸைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம்.