ரெம்பர் கிளாஸ்: சொல்லும் பொருளும்

வவுனியாவிலிருந்து மாங்குளம், கிளிநொச்சி வழியாக ஏ9 வீதியில் செல்லும்போது, வீதியோர அலுமினிய யன்னல் வேலைத்தளங்களிலும் கைபேசி திருத்தும் கடைகளிலும் ஒரே சொல் வழங்குவதைக் கேட்கலாம். 'ரெம்பர் கிளாஸ்' என்பதே அது. சாதாரணக் கண்ணாடியை விட வலுவாகப் பக்குவப்படுத்திய கண்ணாடிக்கு வழங்கும் பெயர் இது. மண்சுவரும் ஓலைக் கூரையுமாக வீடுகள் இருந்த காலத்தில், முகம் பார்ப்பதற்கும் சுவாமிப் படத்தைச் சட்டமிடுவதற்கும் அப்பால் கண்ணாடிக்கு வன்னியில் பெரிதாக வேலை இருக்கவில்லை. 2009 இன் பின்னர் மீள்குடியேறிக் கல்வீடு கட்டியவர்களோ யன்னல், தள்ளுகதவு, சாப்பாட்டு மேசை, குளியலறைத் தடுப்பு, காஸ் அடுப்பின் மேற்தட்டு எனப் பல வடிவங்களில் அதை வீட்டுக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். பொருள் வந்த வேகத்தில் அதற்குரிய சொல் வரவில்லை. அதனால் சிலர் ரெம்பர் கிளாஸை 'உடையாத கண்ணாடி' என்று அழைக்கிறார்கள். அப்படி நம்பிப் புழங்குவது ஆபத்தானது. ஏனெனில் அது உடையும்.

'கண்ணாடி' என்னும் சொல்லே கண்ணும் ஆடியும் சேர்ந்தது. ஆடி என்பது உருவத்தைக் காட்டும் பொருள். 'ஆடிப் பாவை' என்று குறுந்தொகையின் எட்டாம் பாடல் குறிப்பது அதில் தெரியும் உருவத்தையே. முகம் பார்க்கும் பொருளுக்கு வழங்கிய பெயர் பின்னர் அது செய்யப்படும் பொருளுக்கும், மூக்கில் அணிவதற்கும் விரிந்தது. 'ரெம்பர்' என்பது ஆங்கிலத்தின் வழியாக வந்தது. அதன் வேர் இலத்தீன் மொழியின் 'தெம்பெராரே'. உரிய அளவில் கலத்தல், மிகாமல் மட்டுப்படுத்தல் என்பன அதன் பொருள். பின்னர் அச்சொல் இரும்பு வேலைக்குச் சென்று, அங்கிருந்து கண்ணாடிக்கு வந்தது.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. உருக்கு வேலையில், காய்ச்சித் திடீரெனக் குளிரவைத்த உருக்கு நொறுங்கும் தன்மையுடையதாக இருப்பதால், அதை மறுபடியும் அளவாகச் சூடாக்கி அத்தன்மையைத் தணிப்பதையே அச்சொல் குறிக்கும். கண்ணாடிக்குச் செய்வது அதுவன்று. நம் கம்மாலைகளில் காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்ப்பதற்கே அது நெருக்கமானது. ஆகவே ஆங்கிலச் சொல்லைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் தவறிவிடும். உண்மையில் நடப்பதைப் பார்த்துத்தான் பெயரிட வேண்டும்.

அளவுக்கு வெட்டி, விளிம்பு தேய்த்து, துளைகள் இட்டு முடித்த சாதாரணக் கண்ணாடித் தகட்டை உலையில் ஏறத்தாழ 620 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரு முகங்களிலும் வலிய காற்றை ஊதுகிறார்கள். வெளிப்புறம் சில நொடிகளில் இறுகிவிடுகிறது. உட்புறம் பிந்திக் குளிர்ந்து சுருங்க முயலும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட மேற்பரப்புகளைத் தன்பால் இழுக்கிறது. இதனால் மேற்பரப்பு நெருக்குண்டும் நடுப்பகுதி இழுபட்டும் நிலைத்துவிடுகின்றன. சாதாரணக் கண்ணாடி உடைவது மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் வளைவினால் வாய்திறப்பதால்தான். இங்கே அக்கீறல்களை நெருக்கு விசை மூடிப் பிடித்திருக்கிறது. முழுமையாக இவ்வாறு செய்த கண்ணாடியின் மேற்பரப்பு நெருக்கம் 69 மெகாபஸ்காலுக்கு (அழுத்தத்தை அளக்கும் அலகு) குறையக்கூடாது என்பது அமெரிக்கத் தரநியமம். அதன் வலிமை சாதாரணக் கண்ணாடியை விட நான்கு அல்லது ஐந்து மடங்கு.

ஆனால் கீறல் ஒன்று அந்த மேற்படையைத் தாண்டி நடுப்பகுதியைத் தொட்டுவிட்டால், உள்ளே அடைபட்டிருந்த சக்தி முழுவதும் ஒரே கணத்தில் வெளிப்பட, தகடு முழுவதும் கற்கண்டுத் துண்டுகளைப் போலச் சிறு சிறு கட்டிகளாக உதிர்ந்துவிடும். விபத்து நடந்த இடங்களில் வாகனங்களின் பக்கக் கண்ணாடிகள் அவ்வாறு கொட்டிக் கிடப்பதை நாம் பார்த்திருக்கிறோம். அவை கையைச் சிறிது கீறலாம். ஆனால் சாதாரணக் கண்ணாடியின் நீண்ட கூரிய துண்டுகளைப் போல நரம்பை அறுப்பது அரிது. இதன் பாதுகாப்பு உடையாமையில் இல்லை, உடையும் விதத்தில் இருக்கிறது. வாகனத்தின் முன்கண்ணாடி வேறு வகை: இரு தகடுகளுக்கிடையே பிளாஸ்ரிக் படலம் வைத்து ஒட்டியதால், வெடித்தாலும் துண்டுகள் அதிலேயே பற்றி நிற்கும். 'பாதுகாப்புக் கண்ணாடி' என்பது இவ்விரண்டுக்கும் பொதுப் பெயர் என்பதால், ஒன்றுக்கு மட்டும் அதை வழங்குவது பொருந்தாது.

'கடினக் கண்ணாடி' என்ற பெயரும் தவறு. கடினம் என்பது கீறலுக்கு ஈடுகொடுக்கும் தன்மை. இக்கண்ணாடியோ மணல் தேய்த்தால் மற்றதைப் போலவே கீறுபடும். 'வலுவூட்டிய கண்ணாடி' எனலாம். ஆயினும் கம்பி வைத்து வார்த்த கண்ணாடியையும் அது நினைவூட்டும். என் தெரிவு 'பதமேற்றிய கண்ணாடி' என்பதே. சோறும் பாகும் இரும்பும் வெப்பத்தாலும் நேரத்தாலும் அடையும் சரியான நிலையைத்தான் நாம் பதம் என்கிறோம். இலத்தீன் வேரில் உள்ள 'உரிய அளவு' என்ற கருத்தும் அதில் அடங்குகிறது. இன்னொரு நன்மையும் உண்டு. கைபேசியில் ஒட்டும் மெல்லிய தகட்டை, அதன் தடிப்புக் குறைவு காரணமாக, காற்றூதிப் பதமேற்ற இயலாது. உருகிய பொற்றாசியம் நைத்திரேற்றில் அதை அமிழ்த்தும்போது, மேற்பரப்பின் சோடியம் அயன்களின் இடத்தில் பெரிய பொற்றாசியம் அயன்கள் புகுந்து நெருக்கத்தை உண்டாக்குகின்றன. ஆகவே யன்னலுக்கு உரியதை 'வெப்பத்தால் பதமேற்றியது' என்றும், கைபேசிக்கு உரியதை 'இரசாயனத்தால் பதமேற்றியது' என்றும் பிரித்துச் சொல்ல முடிகிறது.

இந்த முறை பழையது. உருகிய கண்ணாடித் துளியைத் தண்ணீரில் விட்டுச் செய்த 'ரூபேட் இளவரசர் துளிகள்' 1660களிலேயே இலண்டனில் வியப்புடன் ஆராயப்பட்டன. 1874 இல் பிரான்ஸ் நாட்டவரான டி லா பஸ்தி, சூடான கண்ணாடியை எண்ணெயில் அமிழ்த்திப் பதமேற்றும் முறைக்குக் காப்புரிமை பெற்றார்.

வீட்டில் இது தேவைப்படும் இடங்கள் தெளிவானவை. ஆட்கள் மோதக்கூடிய தள்ளுகதவு, தரையளவு தாழ்ந்த யன்னல், வழுக்கும் குளியலறைத் தடுப்பு, குழந்தைகள் ஏறும் மேசை ஆகியவற்றுக்குச் சாதாரணக் கண்ணாடியைப் போடவே கூடாது. தலைக்கு மேலுள்ள கூரைக் கண்ணாடிக்கும் மாடியின் கைபிடிச் சுவருக்கும் படலம் வைத்து ஒட்டியதே நல்லது. உதிர்ந்து கொட்டுவது அங்கே காப்பாகாது. காஸ் அடுப்பின் கண்ணாடி வெப்ப வேறுபாட்டை நன்றாகத் தாங்கும். எனினும் அகன்ற பெரிய சட்டியை நெடுநேரம் வைத்தால், சட்டியின் அடியில் வெப்பம் தேங்கி அதுவும் வெடிக்கலாம். விளிம்பும் மூலையும் இதன் பலவீனங்கள். தகட்டின் முகத்தில் விழும் அடியைத் தாங்குவது, மூலையை ஓட்டுத் தரையில் இலேசாக ஊன்றினாலும் உதிரக்கூடும். யாரும் தொடாமலே உடைந்தால் கண்ணூறு என்று கலங்குவோர் உண்டு. நிக்கல் சல்பைட்டு என்னும் நுண்துகள் கண்ணாடிக்குள் அகப்பட்டு, ஆண்டுகள் கழித்தும் மெல்ல விரிவதே பெரும்பாலும் அதற்குக் காரணம். விளிம்பில் முன்பே பட்ட காயமும் காரணமாகலாம்.

பதமேற்றிய பின் இதை வெட்டவோ துளையிடவோ முடியாது. எனவே நீள அகலம், தடிப்பு, கீல் துளைகளின் இடம் ஆகியவற்றை முன்கூட்டியே அளந்து, வேலைத்தளத்துக்குக் கொடுக்கும் சீட்டில் 'வெப்பத்தால் பதமேற்றியது' என்றும் எழுதிக் கொடுங்கள். கண்ணாடி வந்ததும் அதன் மூலையில் பொறிக்கப்பட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்த்த பின்னரே பொருத்த விடுங்கள்.